செவ்வாய்க்கிழமை மாலை அந்த மண்டபத்தைத் திறந்துவிடுங்கள்

குமரி மாவட்டத்துப் பங்குப் பேரவைகள், சபைக் கமிட்டிகள், கோயில் ஊர்வகைகள், நற்பணி மன்றங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் ஆலயத்திலோ கோயில் மண்டபத்திலோ மன்றக் கட்டடத்திலோ ஒரு டிரம்செட் இருக்கும். இல்லையென்றால் நாலைந்து செண்டை மேளம் இருக்கும். ஞாயிறு ஆராதனைக்கும், பத்து நாள் திருவிழாவுக்கும், கோயில் கொடை விழாவுக்கும், ஓணத்துக்கும் அவை வெளியே வரும். மற்ற நாட்களில் துணி போர்த்தி, கதவைப் பூட்டி, சாவி செயலாளர் வீட்டு ஆணியில் தொங்கும். வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள். முப்பது வயது தாண்டியவர்கள், மேடை ஏறும் எண்ணம் இல்லாதவர்கள், கொட்டிப் பழக வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளவர்கள் வந்து பழகட்டும்.

கோரிக்கை இவ்வளவுதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

நான் கல்குளம் வட்டத்தைச் சேர்ந்தவள். தக்கலையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதில் அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஆலயத்து வாசலில் நின்று, பாடகர் குழு அண்ணன்மார் டிரம்ஸ் பழகுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு பெண்பிள்ளை அந்த ஸ்டூலில் உட்காரலாம் என்ற பேச்சே அப்போது கிடையாது. பிறகு கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன், படுக்கையில் கிடந்த மாமியார். எல்லாம் ஒருவழியாக முடிந்து எனக்கென்று நேரம் கிடைத்தபோது நாற்பது கடந்திருந்தது. ஆசை மட்டும் போகவில்லை.

சரி, எங்கே போய்ப் படிப்பது என்று விசாரித்தேன். அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானவை. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் தவிலும் மிருதங்கமும் மூன்று ஆண்டுகள் முறையாகச் சொல்லித் தருகிறார்கள். அங்கே 12 முதல் 25 வயது வரை சேரலாம், நமக்குப் பக்கத்தில் இருப்பது திருநெல்வேலியில். தனியார் வகுப்புகளில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு இசைத் தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள். அந்தத் தேர்வுக்கு மேல்வயது வரம்பு கிடையாது. ஆனால் வகுப்பு நேரம், பாடத்தின் வேகம், கட்டணம் எல்லாமே பள்ளிப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் மனதில் வைத்துப் போட்டவை. இந்த ஏற்பாடுகள் எதையும் நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அவை வேண்டும். நான் கேட்பது, இருபத்தாறாவது வயதில் ஒரு மனிதனுக்குத் தாளத்தின் மீதுள்ள ஆசை தீர்ந்துபோகிறதா என்பது.

ஓர் ஊரின் கமிட்டியிடம் நேரிலேயே போய்க் கேட்டேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், அது தேவையும் இல்லை. அங்கிருந்த மூத்தவர் கோபமில்லாமல், அன்பாகவே சொன்னார்: "இது பிள்ளையளுக்கு உள்ளதாக்கும் மக்ளே. ஒனக்கு இனி எதுக்கு?" அவருடைய அந்த 'எதுக்கு'வுக்குப் பதில் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. ஏனென்றால் நம் மாவட்டத்தில் பாதிப் பேர் மனதில் இருப்பது அதே கேள்விதான். கற்றுக்கொள்வது என்றால் பரீட்சைக்கு, வேலைக்கு, அரங்கேற்றத்துக்கு. அந்த மூன்றும் இல்லாவிட்டால் அது வீண்.

எதற்கு என்று சொல்கிறேன். பகல் முழுக்க நான் அடுத்தவர் பணத்தைக் கூட்டிக் கழிக்கிறேன். ஒரு பைசா தப்பக் கூடாது. வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, போனில் பிள்ளைகள். இதில் எனக்கென்று எதுவும் வளரவில்லை. டிரம்ஸ் பழகத் தொடங்கிய பிறகு போன மாதம் முடியாத ஒன்று இந்த மாதம் முடிகிறது. ஐம்பதை நெருங்கும் உடம்பு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. இந்த வயதில் அந்த அனுபவம் எவ்வளவு பெரியது என்பதை, அதை அனுபவித்தவர்களைத் தவிர யாருக்கும் விளங்கவைப்பது கஷ்டம். ஆனாலும் கொஞ்சம் முயன்று பார்க்கிறேன்.

டிரம்செட்டில் ஓர் ஆரம்பத் தாளம் இருக்கிறது. ஒன்று முதல் நாலு வரை எண்ண வேண்டும். வலது கை ஹைஹாட் என்ற இரட்டை உலோகத் தட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு அடி, மொத்தம் எட்டு. வலது கால் பெடலை மிதித்து ஒன்றிலும் மூன்றிலும் பெரிய டிரம்மை அடிக்கும். இடது கை இரண்டிலும் நாலிலும் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மில் விழும். இடது கால் ஹைஹாட்டை அழுத்திப் பிடித்திருக்கும். நாம் கேட்கும் எத்தனையோ சினிமாப் பாட்டும் ஆலயத்துப் பாட்டும் இதையோ இதன் ஏதாவது ஒரு மாற்றத்தையோ வைத்துத்தான் ஓடுகிறது. சொல்லும்போது இவ்வளவுதான். உட்கார்ந்து பார்த்தால் கை போகும் இடத்துக்கெல்லாம் காலும் கூடவே போகும். இடது கையை மட்டும் தனியாக நிறுத்தப் பார்த்தால் மூச்சும் சேர்ந்து நின்றுவிடும். பெரியவர்களுக்கு இது பிள்ளைகளைவிடக் கஷ்டம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரியவர்களிடம் ஒன்று உண்டு, பொறுமை. சீராகத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு அறுபது தட்டில் வைத்து, ஒரே அடியைச் சலிக்காமல் கால் மணி நேரம் அடிக்க ஒரு பத்து வயதுப் பிள்ளையால் முடியாது. வாழ்க்கையில் பல வேலைகளைச் சலித்துக்கொண்டே செய்து பழகிய நமக்கு அது முடியும்.

குச்சிப் பயிற்சிகளும் அப்படித்தான். வலது, இடது, வலது, வலது. இடது, வலது, இடது, இடது. இதற்குப் பேராடிடில் என்று பெயர். உலகம் முழுக்க டிரம்ஸ் படிப்பவர்கள் பழகும் 40 அடிப்படைப் பயிற்சிகளில் இது ஒன்று. இதற்கு டிரம்செட்டே வேண்டாம். ஒரு பிளைவுட் துண்டின் மேல் கெட்டியான ரப்பர் மேட்டை ஒட்டினால் போதும். தமிழ்நாட்டில் ரப்பர் அதிகம் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு பயிற்சிப் பலகைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. நான் சமையலறை மேடையில் அதை வைத்து, குக்கர் விசில் வரும் வரை பழகுவேன். வலதும் இடதும் ஒரே சத்தத்தில் விழ வேண்டும். கண்ணை மூடிக் கேட்டால் எந்தக் கை அடித்தது என்று தெரியக் கூடாது. இடது கையை இத்தனை வருடம் எவ்வளவு சும்மா விட்டிருக்கிறோம் என்பது அப்போது தெரியும்.

அப்படியானால் வீட்டிலேயே பழகலாமே, மண்டபம் எதற்கு என்று கேட்பீர்கள். பலகையில் கை பழகும். நாலு அங்கமும் சேர்ந்து வேலை செய்யப் பழகுவது உண்மையான டிரம்செட்டில்தான். அதை வீட்டில் வைக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? குளச்சலிலோ முட்டத்திலோ கடற்கரை ஊர்களில் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள். கடலை விட்டு உள்ளே தள்ளிய ஊர்களில் ஒரு காலத்தில் விளைக்கு, அதாவது தோப்புக்கு, நடுவே தனித்தனி வீடாக இருந்தது, இப்போது மூன்று நாலு சென்டில் நெருக்கி நெருக்கிக் கட்டியிருக்கிறோம். டிரம்செட்டின் சத்தம் சாதாரணமாகவே 100 டெசிபலைத் தாண்டும். ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டின் விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 என்று சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குவார், இன்னொரு வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருக்கும். அவர்கள் தலையில் என் ஆசையை இறக்கி வைக்க நான் யார்? எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கி ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் விலை பல பத்தாயிரம், மாடி வீடு என்றால் பெடலின் அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது தனியாக உட்கார்ந்து செய்யும் காரியம். எனக்கு வேண்டியது கூட்டம்.

கூட்டம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மனநலச் சிகிச்சையில் இருந்த பெரியவர்களை வைத்துப் பத்து வாரம் கூட்டாக டிரம் வாசிக்கச் செய்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. இதை மருந்து என்று நான் சொல்ல வரவில்லை, மருத்துவர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, பெரிய வீட்டில் இரண்டு பேர் மட்டும் டிவி பார்த்துக்கொண்டு இருக்கும் நம் ஊர்களில், வாரம் ஒரு மாலை பத்துப் பேர் ஒரே தாளத்தில் சேர்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை உங்கள் சபையை, உங்கள் பங்கை அறிந்த நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரு டிரம்செட்டை வைத்துக்கொண்டு பத்துப் பேர் என்ன செய்வது என்று ஒரு ஃபாதர் கேட்டார். நல்ல கேள்வி. பழைய பேண்டுகளில் பெரிய டிரம்முக்கு ஒருவர், ஸ்நேருக்கு ஒருவர், தட்டுக்கு ஒருவர் என்று தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். ஒரே ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வளர்ந்தது. லுட்விக் என்பவர் வேகமான கால் பெடலுக்கு 1909-இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் அது சுலபமானது. ஆகவே ஆரம்ப வகுப்பில் அந்தப் பழைய முறைக்கே திரும்பலாம். ஒருவர் பெடல், ஒருவர் ஸ்நேர், ஒருவர் ஹைஹாட். மூன்று பேர் சேர்ந்து ஒரு தாளம். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து ரப்பர் பலகையில் அதையே அடிப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறும். மூன்று பேரில் ஒருவர் முந்தினாலும் தாளம் கலைந்துவிடும் என்பதால், அடுத்தவர் அடியைக் கேட்டுப் பழகுவது முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. தனியாகப் படிப்பவர்களுக்கு அது வர மாதக்கணக்கு ஆகும்.

டிரம்செட் இல்லாத ஊர்களில் செண்டை இருக்கிறது. குழுவாகச் சேர்ந்து செண்டை கொட்டும் சிங்காரி மேளம் இல்லாமல் நம் பக்கம் எந்தத் திருவிழா நடக்கிறது? கோயிலுக்கும் அதுதான், ஆலயத் திருவிழாப் பவனிக்கும் அதுதான், கடைத் திறப்புக்கும் அதுதான். செண்டை படிப்பவர்கள் தொடக்கத்தில் தோலைத் தொடுவதே இல்லை. புளியங்கம்பை வைத்துக் கல்லிலோ மரக்கட்டையிலோ தட்டி, கணபதிக்கை என்ற முதல் பாடத்தில் தொடங்கி, கை வலுத்த பிறகே செண்டைக்கு வருவார்கள். சத்தம் போடாமல் பழகும் வழியை ஆசான்மார் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். முதல் சில மாதங்களுக்கு உங்கள் மண்டபத்தில் இருந்து மரத்தட்டல் மட்டும்தான் வெளியே கேட்கும்.

இன்னொன்று வில்லுப்பாட்டு. நம் மண்ணின் கலை என்று மேடையில் பேசுகிறோம். உடுக்கைக்கும் குடத்துக்கும் கட்டைக்கும் கை தேடி அலைகிற குழுக்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் அதைப் பேசவைப்பதை ஓர் இளைஞனுக்கு மட்டுமே சொல்லித்தர வேண்டும் என்று யார் சொன்னது? கதை தெரிந்த, பாட்டு காதில் ஊறிய ஐம்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்களே. கொடைக்கு விடிய விடிய உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்தான்.

இங்கே ஆசான்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தவிலும் செண்டையும் தப்பும் உடுக்கையும் நம் ஊரில் சாதியோடு கட்டிப்போட்டு வைத்திருந்த வாத்தியங்கள். கேரள வழிக் கோயில்களில் செண்டை மாரார் சமூகத்தாரின் உரிமையாக இருந்தது. தப்பு மேளம் அடித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். திருவிதாங்கூரில் எல்லாச் சாதியினரும் கோயிலுக்குள் போகலாம் என்ற அறிவிப்பே 1936 நவம்பர் 12-இல்தான் வந்தது. இன்று சிங்காரி மேளக் குழுவில் எல்லா வீட்டுப் பையன்களும் தோளில் செண்டை மாட்டுகிறார்கள், அது பெரிய மாற்றம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் வாசிப்பவனுக்குக் கொடுக்கும் மரியாதையில் அந்தப் பழைய கணக்கு இன்னும் போகவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் மேளக்காரர்களைக் கடைசியாகக் கூப்பிடும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாலை வகுப்பு நடத்தினால், அதைச் சொல்லித்தர உங்கள் பக்கத்து ஆசான் ஒருவரை அழையுங்கள். தவில்காரரோ, செண்டை ஆசானோ, ஆலயத்தில் இருபது வருடம் டிரம்ஸ் வாசித்த அண்ணனோ யாராக இருந்தாலும் சரி. அவருக்கு மாதச் சம்பளம், வகுப்புக்கு வருகிற நாங்கள் பிரித்துக் கொடுப்போம். வக்கீலும் டீச்சரும் ரப்பர் பால் வெட்டுபவரும் அவர் முன்னால் மாணவராக உட்காரும் ஒரு மாலை, அந்தப் பழைய கணக்கை மாற்ற எந்தச் சொற்பொழிவையும்விட அதிகம் உதவும். திருவிழா இல்லாத மாதங்களில் வருமானம் இல்லாமல் இருப்பவர்கள் இவர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பெண்கள் விஷயம். என் வயதுப் பெண்கள் பலர் என்னிடம் தனியாக வந்து, "அக்கா, நானும் வரட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். தனியார் வகுப்புக்குப் போனால் ஊர் பேசும் என்ற பயம். ஆலயத்து மண்டபம், கோயில் மண்டபம் என்றால் அந்தப் பயம் இல்லை, வீட்டிலும் விடுவார்கள். உங்களிடம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அரசின் குடும்பஸ்ரீ திட்டத்துச் சுய உதவிக் குழுப் பெண்கள் சேர்ந்து சிங்காரி மேளம் கொட்டுகிறார்கள், ஊர் ரசிக்கிறது. நம் சுய உதவிக் குழுப் பெண்களுக்கும் தோள் இருக்கிறது, கையும் இருக்கிறது. செண்டை கனம், அது உண்மை. அதற்கு ஸ்டாண்ட் இருக்கிறது.

வாத்தியம் கெட்டுப்போகும் என்பது எல்லாக் கமிட்டியும் சொல்லும் காரணம். நன்கொடைப் பணத்தில் வாங்கிய பொருள், உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் டிரம்செட்டின் தோல் இப்போது தோலே இல்லை. 1950-களின் பிற்பாதியில் பாலியெஸ்டர் படலம் வந்ததிலிருந்து மழைக்கும் வெயிலுக்கும் அது தொய்வதில்லை, ஆரம்பக்காரர்களின் அடியில் சுலபத்தில் கிழிவதும் இல்லை. கிழிந்தால் மாற்றிப் போடும் பொருள்தான். உண்மையில் அதைக் கெடுப்பது பூட்டிய அறை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ஈரம். கடற்கரை என்றால் உப்புக்காற்றும் சேரும். ஹைஹாட் ஸ்டாண்டின் கம்பி துரு ஏறி இறுகிப்போவதும், பெடலின் சங்கிலி சிக்குவதும், செண்டையின் தோலில் பூஞ்சை படர்வதும் யாரும் தொடாமல் வைத்திருப்பதால்தான். வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, இறுக்கி, வாசித்து வைக்கும் வாத்தியம் நீண்ட நாள் இருக்கும். அந்த வேலையை நாங்கள் செய்கிறோம். உடைந்தால் நாங்கள் வாங்கித் தருகிறோம், எழுதிக் கையெழுத்துப் போட்டே தருகிறோம்.

சத்தத்துக்கும் சில வரைமுறைகள் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒரே வளாகத்தில் இருப்பது சாதாரணம். அமைதிப் பகுதியாக அறிவித்த இடம் என்றால் பகலிலேயே 50 டெசிபல்தான் வரம்பு. ஆகையால் பள்ளி நேரத்தில் வேண்டாம். மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்துவிடலாம். சாலைப் பக்கம் இருக்கும் அறை, ஜன்னல் சாத்தியது, தரையில் பழைய கம்பளம். பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ரப்பர் பலகை மட்டும். ஊரில் இறப்பு என்றால் அன்று வகுப்பு கிடையாது. பக்கத்து வீட்டாரில் ஒருவரையே வகுப்புப் பொறுப்பாளராகப் போடுங்கள், நிறுத்து என்று அவர் சொன்னால் நிறுத்துவோம்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது உங்கள் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வேலை செய்யும் இடங்களுக்கு நிபுணர்கள் சொல்லும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். சின்ன மண்டபத்தில் காதை மூடாமல் டிரம்ஸ் அடிக்கும் பையன்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. போன கேட்கும் திறன் திரும்பி வராது. கட்டட வேலைக்கு விற்கும் காது மூடிகள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கின்றன. எங்கள் வகுப்பில் அது இல்லாமல் யாரும் உட்கார மாட்டார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுங்கள்.

நேரத்தை ஊருக்கு ஏற்ப மாற்றலாம். செவ்வாய் மாலை என்பது எனக்குத் தோதானது, அவ்வளவுதான். குலசேகரம், திருவட்டாறு பக்கம் பால் வெட்டுகிறவர்கள் இருட்டோடு எழுந்து முற்பகலில் வேலையை முடித்துவிடுவார்கள். அவர்களுக்குப் பகல் பதினொன்றரை நல்ல நேரம், பக்கத்தில் பள்ளி இல்லாத மண்டபமாகப் பார்க்க வேண்டும். கடற்கரையில் விசைப்படகுக்காரர்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன், ஜூலை. அந்த இரண்டு மாதம் கையில் வேலை இல்லாமல் கரையில் உட்கார்ந்திருப்பவர்களின் மனது எப்படி இருக்கும் என்பது பங்குத்தந்தைமாருக்குத் தெரியாததா? சீட்டு விளையாடுவதற்கும் அதைவிட மோசமான இடங்களுக்குப் போவதற்கும் பதிலாக ஒரு செண்டை வகுப்பு நடக்கட்டும். வலையும் கயிறும் இழுத்துப் பழகிய மணிக்கட்டுகள், ஆசான் சந்தோஷப்படுவார்.

நவம்பர் பிறந்தால் கேரல் பயிற்சி, கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ் என்று ஆலயங்களில் டிரம்செட் ஓயாது. கோயில்களில் மாசி, பங்குனியில் கொடை வேலைகள் தொடங்கிவிடும். அந்தக் காலங்களில் நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மூன்று மாதம் மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள்.

முடிவில் மேடையில் ஏற்றி வாசிக்கவைப்பீர்களா என்றும் சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. யாராவது விரும்பினால் ஓணப் போட்டியிலோ பொங்கல் விழாவிலோ வாசிக்கட்டும். ஆனால் வகுப்பின் நோக்கமாக அதை வைத்தால், முதல் மாதத்திலேயே தடுமாறுபவர்கள் வெட்கப்பட்டு நின்றுவிடுவார்கள். நன்றாக வாசிக்கும் நாலு பேர் மட்டும் மிஞ்சுவார்கள், அப்புறம் அது இன்னொரு மேளக் குழு ஆகிவிடும். மேளக் குழுக்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. தாளம் தப்பித் தப்பி அடித்தாலும் அடுத்த வாரமும் தைரியமாக வந்து உட்காரக்கூடிய இடம்தான் இல்லை.

ஆகவே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். கூப்பிட்டால் எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து விளக்குகிறேன், ரப்பர் பலகையையும் கொண்டு வருகிறேன், உறுப்பினர்களும் அடித்துப் பார்க்கலாம். ஆசானுக்கான சம்பளம், மின்சாரச் செலவு, மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குவது எல்லாம் வருகிறவர்கள் பொறுப்பு. சாவியை யாரிடம் கொடுப்பது, எந்த நாள், எத்தனை மணி என்பது உங்கள் முடிவு.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்தில் இருந்து, நாற்பதுக்கு மேல் டிரம்ஸ் பழகும் ஒருத்தி